சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்), சைக்காலஜி ரெண்டும் வேணுமா: எதை காலேஜ்ல, எதை ஆன்லைன்ல?

சென்னைல இருந்துட்டு ரெண்டையும் படிக்கணும்னா நான் பார்த்தவரை ரெண்டு வழிதான். ஒண்ணு, பிஇ சிஎஸ் சேர்ந்து சைக்காலஜிய தபால்ல முடிக்கிறது. முன்னாடி நிறைய பேர் இப்படித்தான் பண்ணாங்க, ஆனா 2025 ஜூலை அட்மிஷன்ல இருந்து தபால், ஆன்லைன்ல சைக்காலஜி டிகிரி நடத்தக்கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிடுச்சு, அதனால பிஇ-க்குள்ள சைக்காலஜில கிடைக்கிறது எலக்டிவ் (விருப்பப் பாட) பேப்பர் ஒண்ணு ரெண்டுதான்.

இன்னொண்ணு, பிஎஸ்சி சைக்காலஜிய நேர்ல படிச்சிட்டு கூடவே ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் பண்றது. ஜேஇஇ வேணாம், குவாலிஃபையர்னு அவங்க வைக்கிற தகுதித் தேர்வு பாஸ் பண்ணா போதும், பத்தாவதுல மேத்ஸ் இருக்கணும், ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு 2022லயே யுஜிசி அனுமதி குடுத்தாச்சு, பரீட்சைக்கு மட்டும் சென்டருக்கு நேர்ல போகணும். அது முழு சிஎஸ் இல்லதான், ஆனா பைத்தான், ஸ்டாட்ஸ், மெஷின் லேர்னிங் எல்லாம் வருது. சைக்காலஜில எக்ஸ்பெரிமென்ட் டேட்டாவ அலசுறதுக்கு அந்த ஸ்டாட்ஸ் அப்படியே கைகொடுக்கும்.

கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்ல உடனே ஐடி வேலை வேணும்னா பிஇ பக்கமே போங்க. மனுஷ மனசுதான் முக்கியம்னா ரெண்டாவதுதான், கண்டிப்பா.