தென்காசி மாவட்டச் செங்கோட்டைப் பக்கத்துக்கு விண்டி வானிலைச் செயலி சரிப்படுமா?

விண்டியைப் பலரும் கலர் படம் பார்க்கத்தான் திறக்கிறார்கள். அதில் உருப்படியான விஷயம் வேறு இருக்கிறது. ஊரைத் தொட்டு ஒப்பீட்டு அட்டவணையைத் திறந்தால் ஐரோப்பிய ஈசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்க ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் ஆகிய வானிலைக் கணினி மாடல்களின் கணிப்புகள் அடுத்தடுத்த வரிகளில் வரும். இலவசம்தான். ஆனால் கேரள எல்லையோரப் புளியரைக்கு இந்தப் பக்கம், அதாவது மலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் அந்த எண்களை அப்படியே நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

காரணம் கட்டத்தின் அகலம். மாடல்கள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கணக்கு என்று போடுகின்றன. ஈசிஎம்டபிள்யூஎஃப் சுமார் 9 கிமீ கட்டத்திலும் ஐகான் 13 கிமீ கட்டத்திலும் கணக்குப் போடுகின்றன. ஜிஎஃப்எஸ் விண்டிக்கு வரும்போது 20 கிமீக்கு மேல் ஆகிவிடுகிறது. கேரளப் பக்கத்து ஆரியங்காவும் நம் செங்கோட்டையும் நேர்கோட்டில் 12 கிமீ தூரம்கூட இல்லை. ஒன்றில் கொட்டும்போது மற்றதில் தூறும். அகலக் கட்டத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், மலையும் வழித்துவிட்ட மேடாகிவிடும். கேரளச் சரிவில் பெய்ய வேண்டியது கிழக்கே கசிந்து நம் கணக்கில் ஏறும். ஜூன், ஜூலையில் ஜிஎஃப்எஸ் மட்டும் 20 மிமீ காட்டி மற்ற இரண்டும் 2 மிமீ காட்டினால், பெரும்பாலும் அது மலைக்கு மேற்கே கேரளத்துப் புனலூரின் மழைதான்.

சாரலைப் பிடிக்க வேண்டுமானால் மழை வரியை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். வலப்பக்க உயர அளவுகோலை 850 எச்பிஏ (காற்றழுத்த அளவு) மட்டத்துக்கு, அதாவது சுமார் 1,500 மீட்டருக்கு ஏற்றுங்கள். வேகக் குறியீட்டைத் தொட்டால் ‘நாட்’ என்ற அலகு மணிக்கு இத்தனை கிமீ என்று மாறும். மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே வலுத்து, மூன்று மாடலும் அதில் ஒத்துப்போனால், மழை வரியில் 0.4, 0.6 என்று அற்பமாக இருந்தாலும் சாரல் வரும். காற்று தளர்ந்தால் 5 மிமீ போட்டிருந்தாலும் வெயில் அடிக்கலாம். அருவித் தண்ணீருக்குக் குற்றால ஊரைத் தொட்டுப் பயனில்லை. சிற்றாறு பிறக்கும் மலைமேல் புள்ளியை வையுங்கள். தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் நான்கையும் சேமித்துவைத்தால் மழை எங்கே நின்றுவிடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நேரத்திலும் பலர் கோட்டைவிடுகிறார்கள். மாடல்களின் காலைக் கணக்கு ஓட்டம் நம் 5.30 மணி நிலவரத்தில் தொடங்குகிறது. ஜிஎஃப்எஸ் முடிவு சுமார் 10 மணிக்கே வந்துவிடும், ஐரோப்பியது வர நண்பகல் தாண்டும். 10 மணிக்கு ஒப்பிட்டால் ஒன்று இன்றையது, மற்றது பழையது. மதியம் 1 மணிக்கு மேல் பாருங்கள். வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. செயலியின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘தப்பாச் சொல்லிட்டான்’ என்பது நியாயமில்லை.

கார் நெல் அறுக்கவோ மருந்தடிக்கவோ மூன்று நாள் கணிப்பு போதும். நான்கிலிருந்து ஆறாம் நாள் வரை போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் காலையில் 40 மிமீ, மாலையில் 5 மிமீ என்று ஆடினால் அதற்கே நிச்சயமில்லை என்று அர்த்தம். ஐகான் ஏழரை நாளோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வரும் வெற்றிடத்தை மழையில்லை என்று படிக்கக் கூடாது. ஜிஎஃப்எஸ் 16 நாள் வரை ஓடும். பத்தாம் நாளுக்கு மேல் அதை நம்பிக் கல்யாணப் பந்தல் போடாதீர்கள்.

பலவீனம் ஏப்ரல், மே, அக்டோபர் மாத மாலை இடிமழையில்தான். எந்த மாடலும் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று சரியாகச் சொல்லாது. அன்று மதியத்துக்கு மேல் அட்டவணையை மூடிவிட்டுச் செயற்கைக்கோள் படத்துக்குப் போவது நல்லது. திருவனந்தபுரம் ராடாரின் தாழ்வான கதிரை மலை மறைப்பதால், ராடாரில் வெறுமையாகத் தெரிவதையும் கிழக்குப் பக்கத்துக்கு முழுதாக நம்ப முடியாது.

கட்டணச் சந்தா எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேர இடைவெளியில் விவரம் கிடைக்கும். நேரத்தை எவ்வளவு பொடிசாக நறுக்கினாலும் 9 கிமீ கட்டம் சுருங்காது. இந்தப் பக்கத்துக்கு இலவசமே போதும்.