4 மி.மீ. டர்ட் பைக் ட்யூப்: வாங்கலாமா?

பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே தெரிவது எடைதான். பின்சக்கரத்துக்கான 18 அங்குல 4 மி.மீ. ட்யூப் இரண்டு கிலோவை ஒட்டி வரும். சாதாரண ட்யூபின் தடிமன் 1.5 முதல் 2 மி.மீ. வரைதான். 3 மி.மீ. ட்யூபை ‘ஹெவி ட்யூட்டி’ என்றும், 4 மி.மீ. ட்யூபை ‘அல்ட்ரா ஹெவி ட்யூட்டி’ என்றும் விற்கிறார்கள். கல்லும் பாறையும் மர வேரும் நிறைந்த பாதையில் ஓட்டுகிறவர்கள் முன், பின் இரண்டுக்கும் 4 மி.மீ. போடலாம், அந்த எடை வீணாகாது. மணலிலும் மண் டிராக்கிலும் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு 3 மி.மீ. போதும். சக்கரத்தின் வெளிவிளிம்பில் ஏறுகிற எடை ஆக்ஸிலரேட்டரிலும் பிரேக்கிலும் உடனே தெரியும். வேறு எங்கு ஏறினாலும் இவ்வளவு தெரியாது.

இந்த ட்யூப் எதற்கு உதவும் என்பது பழைய ட்யூபில் விழுந்த ஓட்டையைப் பார்த்தாலே விளங்கும். டயரின் பட்டன் பக்கம், அதாவது தரையைத் தொடும் பக்கம், ஒரே ஒரு ஊசித்துளை என்றால் முள்ளோ ஆணியோ. ரிம்மைப் பார்த்த உள்பக்கத்தில் துளை என்றால் ஸ்போக் முனை துருத்திக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்துவிட்டது. வால்வு அடியில் கிழிந்திருந்தால், டயர் ரிம்மில் வழுக்கி ட்யூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாம்பு கொத்தியது போல இரண்டு கீறல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது நசுங்கல். கல்லின் விளிம்பில் சக்கரம் மோதும்போது டயர் ரிம்வரை அமுங்கி, நடுவில் மாட்டிய ட்யூப் ரிம்மின் இரண்டு உதடுகளிலும் வெட்டுப்படுகிறது.

4 மி.மீ. ட்யூபின் உண்மையான பலம் இந்த நான்காவது வகையில்தான். தடித்த ரப்பர் அமுங்கி அடியைத் தாங்கும், அவ்வளவு சீக்கிரம் அறுபடாது. முள் விஷயத்தில் பலன் அதைவிடக் குறைவு. குட்டை முள் ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், நீளமானது 4 மி.மீட்டரையும் தாண்டிப் போய்விடும். ஸ்போக் முனைக்கும் வால்வுக் கிழிசலுக்கும் எவ்வளவு தடித்த ட்யூபும் மருந்தல்ல. ஸ்போக் முனையை அரத்தால் ராவி நிப்பிளோடு (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நட்) சமமாக்குங்கள். ரிம்மோடு வரும் ரப்பர் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தால் எடுத்துவிட்டு, அகலமான துணி டேப்பை இரண்டு சுற்று இறுக்கி ஒட்டுங்கள்.

வாங்கும்போது அளவில் ஏமாறக் கூடாது. தடிமன் என்பது காற்று இல்லாத நிலையில் அளந்தது. சின்ன ட்யூபை ஊதிப் பெரிய டயரில் போட்டால் ரப்பர் விரிந்து, காசு கொடுத்து வாங்கிய தடிமனே மெலிந்துவிடும். பெரிய ட்யூபைத் திணித்தாலோ உள்ளே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே தேய்ந்து ஓட்டையாகும். டயரில் 110/100-18 என்று இருந்தால் ட்யூப் பெட்டியிலும் அந்த அளவு அச்சாகியிருக்க வேண்டும்.

இந்த ட்யூபின் பெரிய குறை மாட்டுவதில் இருக்கிறது. விறைப்பாக இருப்பதால் டயருக்குள் எளிதில் அடங்காது, வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் டயரை நெம்பி ஏற்றும் லீவர் கடித்துவிடும். ஓட்டுவதற்கு முன்பே காற்று இறங்கினால் பழி பெரும்பாலும் லீவருக்குத்தான். மாட்டுவதற்கு முன் சிறிது நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், ரப்பர் இளகும். ட்யூப் மேலும் டயரின் உள்பக்கமும் டால்கம் பவுடர் பூசுங்கள். அது இல்லாவிட்டால் ஓடும்போது ரப்பரும் ரப்பரும் உரசிச் சூடாகும், தடித்த ட்யூபில் சூடு இன்னும் அதிகம். வட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று ஊதி, வால்வை முதலில் ரிம் ஓட்டையில் நுழைத்து, நட்டை இரண்டு சுற்று மட்டும் திருகுங்கள். ரிம் லாக்கை (டயர் ரிம்மில் வழுக்காமல் பிடிக்கும் கவ்வி) உள்ளே தள்ளி, டயர் விளிம்பு அதற்கும் ரிம்முக்கும் நடுவில் உட்காரவும் ட்யூப் அதன் அடியில் சிக்காமலும் பார்த்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். டயர் விளிம்பில் கெட்டியான சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு முறையும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காமல் போங்கள். கடைசிப் பகுதி இறுகினால் லீவரை மிதிக்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றி டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த ஒரு அசைவைத்தான்.

ஏறிய பிறகு 30 பி.எஸ்.ஐ. அளவில் ஊதி விளிம்பை உட்காரவைத்து, காற்றை முழுக்க விட்டுவிட்டு மறுபடி ஊதுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு அப்போது நீங்கும். பிறகுதான் ரிம் லாக்கை இறுக்க வேண்டும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கவே வேண்டாம், மேலே கொண்டுபோய் மூடியோடு முட்டவையுங்கள். டயர் வழுக்கினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட் இறுகியிருந்தால் சாய வழியில்லாமல் அடியோடு கிழியும்.

காற்றழுத்தம்தான் பாதி வேலை. 4 மி.மீ. போட்டாயிற்று என்று 8 பி.எஸ்.ஐ.யில் பாறை ஏறினால் அதுவும் நசுங்கும். சாதாரண மண் பாதைக்கு 12 முதல் 14, கூர்மையான கல்லுக்கு 15 பி.எஸ்.ஐ. என்று வைத்துத் தொடங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, 0 முதல் 30 வரை காட்டும் கேஜில் பாருங்கள். கார் டயருக்கான பெரிய கேஜ் இந்த இடத்தில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தை ஒழுங்காகக் காட்டாது.

பஞ்சர் சீலன்ட், அதாவது ட்யூபுக்குள் ஊற்றி வைக்கும் ஓட்டை அடைக்கும் திரவம், முள் துளைக்கு நல்ல துணை. நசுங்கிய கீறலை அது அடைக்காது, கீறல் வாய் பிளந்துகொண்டே இருக்கும். சீலன்ட் கசிந்து ஈரமான இடத்தில் பேட்ச் ஒட்டவும் செய்யாது, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சீலன்ட் வால்வுக்குள் உறைந்து அதை அடைத்துவிடவும் கூடும். முள் மட்டுமே எதிரி என்றால் 3 மி.மீ. ட்யூபோடு சீலன்ட் என்பது 4 மி.மீ. ட்யூபைவிட நல்ல கூட்டு.

ட்யூபே வேண்டாம் என்பவர்களுக்கு மூஸ் உண்டு. மிஷ்லின் பிப் மூஸ் போன்றவை டயரை நிரப்பும் நுரை ரப்பர், பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஜெல் தடவாமல் ஓட்டினாலும் தார் ரோட்டில் தொடர்ந்து வேகமாகப் போனாலும் சூட்டில் சிதைந்துவிடும். ட்யூப்ளிஸ் (Tubliss) என்ற அமைப்பில், டயர் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன உள் உறைக்கு 100 முதல் 110 பி.எஸ்.ஐ. வேண்டும், ரிம்மில் இன்னொரு ஓட்டையும் போட வேண்டும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அழுத்தம் பார்க்க வேண்டும். டயருக்குள் மிகக் குறைந்த காற்று வைத்துப் பாறையில் பிடிப்பு தேடுகிறவர்களுக்கு அது சிறந்தது. தார் ரோடும் காடும் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு 4 மி.மீ. ட்யூபே தொல்லை குறைந்தது.

ஸ்பேராக இன்னொரு 4 மி.மீ. ட்யூபைச் சுமக்க வேண்டாம், பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். சாதாரண 21 அங்குல முன் ட்யூப் ஒன்று போதும். அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் அதைப் போட்டு மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். பவுடர் தூவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். வெறுமனே டூல் பையில் போட்டால் ஸ்பேனரோடு உரசியே ஓட்டையாகிவிடும்.