படத்தை எல்லாருக்கும் பொதுவா குடுத்தாச்சு, அது எங்க போச்சுனு பாக்க எது நல்லது: கிளாமரஸா, டின்ஐயா?

நாங்க நாலு பேரு சேந்து செங்கம் பக்கமெல்லாம் சுத்தி எடுத்த நடுகல் படங்க 400 சொச்சம் விக்கிமீடியா பொதுவகத்துல (விக்கிப்பீடியாவுக்குப் படம் சேத்து வைக்கற பொதுக் கிடங்கு) சிசி பை-எஸ்ஏ 4.0-ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல கெடக்கு, பேரைப் போட்டுட்டு யார் வேணா எடுத்துக்கலாம். ஏத்துனதோட வேலை முடிஞ்சுதுனு இருந்தோம். எங்களுக்கு வழி காட்டுன தமிழ் ஐயா ஒருத்தர், ரிட்டயர் ஆனவரு, ஒரு நாள் போன் பண்ணி "ஏம்ப்பா, அந்தப் படத்தையெல்லாம் யாராச்சும் எடுத்துப் போடறாங்களா, இல்ல சும்மாதான் கெடக்குதா"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் இதுக்குனு என்னென்ன வழி இருக்குனு தேட ஆரம்பிச்சேன், ஒரு வருஷமா மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்துட்டு இப்ப கிளாமரஸ் (GLAMorous, நம்ம படம் எந்தெந்த விக்கில இருக்குனு எண்ணிச் சொல்ற கருவி) பக்கம் நின்னுட்டேன்.

கூகுள் அலர்ட்டை முதல்லயே தள்ளிடறேன். நம்ம பேரையும் உரிம வரியையும் குடுத்து வச்சா அந்த எழுத்து எங்க வந்தாலும் மெயில் வரும், ஆனா பேரு போடாம எடுத்தவங்களை அது எப்படிக் காட்டும்? நியூயார்க் மெட் மியூசியம் 2017 பிப்ரவரில 3,75,000 படத்தை சிசி0-ல தொறந்து விட்டாங்க, அதுல பேரு போடணும்ங்கற கட்டாயமே கெடையாது, அந்த மாதிரி தொகுப்புக்கெல்லாம் இந்த வழி சுத்தமா ஆகாது.

அடுத்தது படத்தையே குடுத்துத் தேடறது. டின்ஐ (TinEye) அப்படித் தேடற சைட்டு, 2008-லேர்ந்து இருக்கு, கூகுள்ல இந்த வசதி 2011-ல வந்துச்சு, இப்ப லென்ஸ்ங்கற பேர்ல இருக்கு. நடுகல்லுக்கு லென்ஸ் கஷ்டம்ங்க. ஒரு கல்லைக் குடுத்தா அதே சாயல்ல இருக்கற கர்நாடகக் கல்லு, ஆந்திராக் கல்லு எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டும், கல்லைப் பத்திப் படிக்கறவங்களுக்கு அது பொக்கிஷம்தான், நம்ம படம் எங்க போச்சுனு தேடறவனுக்கு அது உதவாது. டின்ஐ நம்ம படத்தை மட்டும்தான் தேடும், ஓரத்தை வெட்டியிருந்தாலும் கலரை மாத்தியிருந்தாலும் கண்டுபுடிக்கும், பழசு முதல்ல வர்ற மாதிரி வரிசைப்படுத்தலாம், ரெண்டு படத்தையும் மாத்தி மாத்தி வச்சு ஒப்பிட்டும் பாக்கலாம். ஒரு சுற்றுலா சைட்டுல எங்க படத்து மேல அவங்க லோகோவைப் போட்டு வச்சிருந்ததை இதுலதான் புடிச்சேன். 4.0 உரிமத்துல ஒரு நல்ல விஷயம், தப்பைக் கவனிச்ச 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா அவங்களுக்குப் போன உரிமை தானாவே திரும்பிடும், அதைச் சொல்லித் தன்மையா ஒரு மெயில் போட்டேன், பேரைப் போட்டுட்டாங்க. இந்த வேலைக்கு டின்ஐயை விட்டா ஆளில்ல, அதை நான் மறுக்கல.

ஆனா மாசாமாசம் அதைப் பண்ணிப் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு படமா குடுக்கணும், வர்ற சைட்டைத் தொறந்து பேரு போட்டிருக்கானு பாக்கணும், ஷீட்ல எழுதணும், படத்துக்கு 3 நிமிஷம்னு வச்சாலும் 400 படத்துக்கு 20 மணி நேரம். சரி, ஒரு மாசம் பல்லைக் கடிச்சுட்டுப் பண்ணிடலாம், அடுத்த மாசம் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமே. நாலு சனிக்கிழமை ராத்திரி உக்காந்தேன், 130 படத்தைத் தாண்டல. லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை டின்ஐல போட்டு எங்கெங்க போயிருக்குனு 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆய்வுனா ஒரு தடவை பண்ணா போதும், நமக்கு வருஷம் பூரா வேணும். காசு கட்டுனா அவங்களே கண்காணிச்சுச் சொல்ற சேவையும் இருக்கு, நாங்க கட்டல, அதனால அது எப்படினு நான் பேசக் கூடாது.

கிளாமரஸ்ல அந்தக் கதையே இல்ல. மேக்னஸ் மான்ஸ்கே எழுதுன கருவி இது. பொதுவகத்துல நம்ம பகுப்போட (படங்களை ஒண்ணா சேத்து வைக்கற தலைப்பு) பேரைக் குடுத்தா போதும், அதுல இருக்கற படத்துல எத்தனை எந்தெந்த மொழி விக்கில பயன்பாட்டுல இருக்குனு ஒரே பட்டியலா வந்துடும், விவரம் காட்டுங்கறதை டிக் பண்ணா எந்தப் படம் எந்தக் கட்டுரைலங்கற வரைக்கும் தெரியும். மாசத்துக்கு 10 நிமிஷ வேலை.

நாம பாத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், பகுப்பு. கூட்டாளி ஒருத்தர் போன்லேர்ந்து 60 படம் ஏத்துனாரு, பகுப்பு போட மறந்துட்டாரு, மூணு மாசம் அந்த 60-ம் கணக்குலயே வரல, பகுப்புல சேக்காம விட்டா எந்த எரர் மெசேஜும் வராது, எண்ணிக்கை கொறைவா காட்டும், நாமளும் அவ்வளவுதான் போலனு நெனச்சுக்குவோம். அப்புறம் பொதுவகத்துல இருக்கற கேட்-அ-லாட்ங்கற கருவியை வச்சு மொத்தமா பகுப்புக்குள்ள தள்ளுனோம். அதே மாதிரி துணைப் பகுப்பு இருந்தா ஆழம்ங்கற எடத்துல 0 விடாதீங்க, உள்ள இருக்கறது எதுவும் சேராது. முதன்மைப் பெயர்வெளி (கட்டுரைப் பக்கங்க) மட்டும்னு வச்சுக்கங்க, இல்லேனா யாரோ அவங்க பயனர் பக்கத்துல போட்டதும் பேச்சுப் பக்கத்துல போட்டதும் கணக்கை ஊதிடும்.

பார்வை எண்ணிக்கை வேணும்னா அதே குடும்பத்துல பக்லாமா இருக்கு, அதை மட்டும் கவனமா கையாளணும். எடுத்தனூர் நடுகல் தெரியும்ல, மகேந்திரவர்மன் காலம், வீரனுக்குப் பின்னாடி கோவிவன்ங்கற நாயும் நிக்கும், அந்த நாய் பேரும் கல்லுலயே வெட்டியிருக்கு. அந்தப் படத்தை யாரோ நாய்ங்களைப் பத்தின ஒரு நீளமான கட்டுரைல கடைசிப் பகுதில சேத்தாங்க, அந்த மாசம் எங்க எண்ணிக்கை எங்கயோ போயிடுச்சு. அது எண்றது பக்கத்தைப் பாத்தவங்களை, படத்தைப் பாத்தவங்களை இல்ல, கடைசி வரைக்கும் எத்தனை பேர் ஸ்க்ரோல் பண்ணாங்கனு யாரு கண்டா? அதனால நான் ரிப்போர்ட்டுல பார்வையைக் கீழ தனியா போடறேன், எத்தனை படம், எத்தனை கட்டுரை, எத்தனை மொழி, இந்த மூணுதான் மேல.

விக்கிக்கு வெளிய கிளாமரஸுக்குக் கண்ணு தெரியாது, ஃபேஸ்புக், வாட்ஸ்அப்ல போறதை டின்ஐயும் புடிக்காது. அதனால அதிகமா எடுக்கப்படற 10 படத்தை மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை டின்ஐல போட்டுடறேன். பொதுவகப் படங்க எவ்வளவு பயன்படுதுனு காட்டற தரவு ஒண்ணும் (Commons Impact Metrics) 2024-ல வந்துச்சு, அதுக்குனு இருக்கற பட்டியல்ல சேத்த பகுப்புக்குத்தான் அது வேலை செய்யும், எங்களுது இன்னும் சேரல.

போன மாசம் ஐயாவுக்குப் போன் போட்டு, கன்னட விக்கில வீரகல்லு கட்டுரைல நம்ம படம் ரெண்டு ஏறியிருக்குனு சொன்னேன். "எந்தக் கல்லுப்பா?"ன்னாரு. பட்டியல் முன்னாடியே இருந்துச்சு, போனை வைக்காமயே கோப்புப் பேரைப் படிச்சுச் சொன்னேன். "ஓ, அந்த ஏரிக்கரைல முள்ளை வெட்டிட்டு எடுத்தோமே, அதா"ன்னாரு.