ரெட்டைச் சுழி மண்டையும் 120 ரூவா சலூனும்: எட்டு வருச அனுபவம்

எனக்கு உச்சந்தலைல ரெட்டைச் சுழி. ரெண்டு பொண்டாட்டின்னு சொந்தக்காரங்க கிண்டல் பண்ணதெல்லாம் பழைய கதை, ஒண்ணு அமையவே முப்பத்திரெண்டு வயசாயிருச்சு. நிஜப் பிரச்சினை முடி வெட்டுறதுல தான்.

மதுரை செல்லூர்ல வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சலூன், மூணு சேர், ஏசி கிடையாது, ஒரே ஒரு தினத்தந்தி, அதுவும் நாலு பேர் கைல நாலா பிரிஞ்சு கிடக்கும். நான் போக ஆரம்பிச்சப்ப கட்டிங் 70 ரூவா, இப்ப 120. நடுவுல கல்யாணத்துக்கு முன்னாடி மட்டும் பந்தாவா ஒரு ஏசி சலூனுக்குப் போனேன், 450 ரூவா, ஹேர் வாஷ் காபி எல்லாம் உண்டு, ஆனா வெட்டுன பையன் போன பாத்துக்கிட்டே சுழி மேலயே மெஷின ஓட்டிட்டான், ரிசப்ஷன்ல சைடுல எடுத்த போட்டோ பூரா ரெண்டு கொத்து முடி சேவக்கொண்டை மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது.

நம்ம செல்லூர் சலூன் அண்ணன் முத நாளே தண்ணி அடிக்கிறதுக்கு முன்னாடி (ஸ்பிரேல தாங்க) காஞ்ச முடில சீப்ப விட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாரு. "தம்பி, இங்க கொறச்சா எந்திரிச்சு நின்னுக்கும், கனம் இருந்தாத்தான் படியும், இத விட்டுட்டு சுத்தி வெட்றேன்"னாரு. சைடும் பிடரியும் ரெண்டாம் நம்பர் மெஷின், அதாவது 6 மில்லிமீட்டர், அதுக்கு மேல சீப்பும் கத்திரியும் மட்டும் தான். மெஷின் போட்ட எடமும் கத்திரி போட்ட எடமும் சேர்ற கோடு தெரியவே கூடாது, அதுக்கே பத்து நிமிசம் டிக்டிக்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

ஆனா நாமளும் கொஞ்சம் வெவரமா இருக்கணும். "மீடியமா வெட்டுங்கண்ணே"ன்னா ஆளுக்கு ஒரு மீடியம், நம்பரச் சொல்லிரணும். எண்ணெய் தேச்சுட்டுப் போகாதீங்க, முடி ஒட்டிக்கிட்டு மெஷின் ஒழுங்கா ஓடாது. செவ்வா லீவு, ஞாயித்துக்கிழமை போனா அண்ணனே அவசரத்துல இருப்பாரு, நான் எப்பவும் புதன் காலைல எட்டு மணி தான்.

கொறையும் இருக்கு. துண்டு ஒண்ணே ஒண்ணு, காலைல இருந்து எத்தன கழுத்த பாத்துச்சோ, அதனால நான் வீட்ல இருந்து கொண்டு போயிருவேன், அவரும் கோவிச்சுக்கல. ஷேவிங்னா பிளேட நம்ம கண்ணு முன்னாடி பாதியா ஒடிச்சுப் போடுறாரான்னு பாத்துக்கங்க, இவரு போடுவாரு. இன்னொண்ணு, முடிச்சதும் கழுத்த டக்குனு திருப்பி சொடக்கு எடுக்க வருவாரு, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன், கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வரைக்கும் போறதுக்கு வாய்ப்பிருக்கு. தலைல ரெண்டு தட்டு தட்டுனா போதும்ணேன்னு சொல்லிருவேன்.

போன மாசம் பையன முத தடவயா கூட்டிட்டுப் போனேன். சேர் கைப்பிடி மேல பலகையப் போட்டு உக்கார வச்சதும் அழுகைன்னா அழுகை. அண்ணன் கண்டுக்கல, உச்சில சீப்ப விட்டுப் பாத்துட்டு என்னையப் பாத்து சிரிக்கிறாரு: "தம்பி, இவனுக்கும் ரெண்டு!"