மாக்கப் சுவருக்குக் காற்றடிக்க விமான எஞ்சினா, மின்மோட்டாரா?

கண்ணாடி முகப்புச் சுவரின் மாக்கப்பை, அதாவது சோதனைக்கான முழு அளவு மாதிரியை, ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி, அதன்மேல் புயல்மழையை அடித்துப் பார்ப்பது எங்கள் வேலை. பல வருடம் உழைத்த விமான எஞ்சினை ஓரமாக நிறுத்திவிட்டு, அண்மையில் மின்மோட்டார் விசிறிக்கு மாறினோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மோட்டார் பக்கம்.

பெட்டிச் சோதனைக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. மாக்கப்பின் பின்னால் காற்றுப்புகாத பெட்டி கட்டி, புளோவரால் காற்றை உறிஞ்சிக்கொண்டே வெளியே தண்ணீர் தெளிக்கும் சோதனை எப்படியும் வேண்டும். ஆனால் அதில் அழுத்தம் ஒரே நிலையில் நிற்கும். நிஜக் காற்று இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் படபடக்க வைக்கும், வடிகால் துளையில் தண்ணீரை முன்னும் பின்னும் தள்ளும். பெட்டியில் தேறிய மூலை, காற்றடித்ததும் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றை எதைக் கொண்டு அடிப்பது என்பதுதான் கேள்வி.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். முகப்புச் சுவர்களுக்கான அமெரிக்கச் சோதனைத் தரமான ஏஏஎம்ஏ 501.1 முறைப்படி சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் தண்ணீர், 15 நிமிடம் தொடர்ந்து காற்று. சுவர்மேல் 600 பாஸ்கல் அழுத்தம் வேண்டுமென்றால் காற்று நொடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர் வேகத்தில் வர வேண்டும், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டாலும் இது முடியும். சத்தத்தில் எஞ்சின் மோசம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எரிபொருளைச் சேமித்து வைக்கும் தொல்லையும் அப்படித்தான்.

என் மனதை மாற்றியது பராமரிப்பு. எங்களுடையது 9 சிலிண்டர் ரேடியல் எஞ்சின், சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் வகை. பறக்கும் மணிக்கணக்கு முடிந்து தரைக்கு வந்தது. ரேடியலில் கீழ்நோக்கி இருக்கும் சிலிண்டர்களில், நிறுத்தி வைத்த நாட்களில் ஆயில் மெல்ல இறங்கித் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அந்த ஆயிலை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்போம். எங்காவது இறுகினால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கறுத்த ஆயில் தட்டில் கொட்டும். துடைத்து, மாட்டி, மறுபடி சுற்ற வேண்டும். சோதனை 15 நிமிடம்தான், அதற்கான ஆயத்தத்திலேயே பாதி நாள் போய்விடும்.

அப்புறம் தண்ணீர். தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே ரேக் எஞ்சினுக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் சாரல் சுற்றிக்கொண்டு பின்னால் வரும், புரொப்பெல்லர் அதை உள்ளே இழுக்கும். இக்னிஷன் வயர்கள் நனைந்தால் எஞ்சின் தடுமாறத் தொடங்கும். சுற்றுவேகம் 5 சதவீதம் இறங்கினால் அழுத்தம் கிட்டத்தட்ட 10 சதவீதம் இறங்கும், ஏனென்றால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஒருமுறை கட்டட உரிமையாளர் தரப்பும் ஆலோசகரும் சுவரின் உட்புறம் டார்ச்சோடு நின்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 9ஆம் நிமிடத்தில் எஞ்சின் திணறி நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அந்த முடிவை யார் நம்புவார்கள்? சட்டங்களுக்குள் புகுந்த தண்ணீரை வடியவிட்டு, துடைத்து உலர்த்தி, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினோம். சுவரில் ஒரு குறையும் இல்லை. அதைப் பொருத்தியவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது.

மோட்டாருக்கு நான் செய்வது இவ்வளவுதான்: பேரிங்குக்கு அளவாகக் கிரீஸ், விசிறி இதழ்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு பார்வை, ஈரம் ஏறியிருக்கலாம் என்பதால் சோதனைக்கு முன் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் அளவு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் சுற்றுவேகத்தைப் பதிந்துவிட்டால் 15 நிமிடமும் நகராமல் நிற்கும். அதே சுவரைத் திருத்திவிட்டு மறுபடி சோதிக்கும்போதும் அதே எண், அதே காற்று. கசிவு நின்றது பூச்சாலா, காற்று குறைந்ததாலா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை.

எஞ்சினுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். விசிறி இழுக்கும் மின்சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். 300 பாஸ்கலிலிருந்து 600க்குப் போக வேகம் 1.4 மடங்குதான், சக்தியோ 2.8 மடங்கு. அதற்கு ஏற்ற மின் இணைப்பு இல்லாத இடத்தில் மோட்டாரை வாங்கிப் பயனில்லை. எஞ்சினை டிரெய்லரில் ஏற்றி, கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம். அடிக்கடி வெளியே போய்ச் சோதிப்பவர்களுக்கு என் பரிந்துரை பொருந்தாது. 600 பாஸ்கலுக்கு மேல் நான் மோட்டாரை ஓட்டியதில்லை, அந்த அளவில் எஞ்சினைத்தான் ஓட்டியிருக்கிறேன். அதனால் மிக உயரமான கோபுரங்களுக்கான சுவர்களைச் சோதிப்பவர்கள், அந்த அழுத்தத்தில் மோட்டாரை ஓட்டியவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மாறுவதென்றால் டிரைவ் பெட்டிக்கு முதலில் இடம் பாருங்கள். சாரல் எட்டாத, காற்றோட்டமான அறையாக இருக்க வேண்டும், ஆனால் மோட்டாரிலிருந்து ரொம்பத் தூரமும் கூடாது. கேபிள் நீண்டால் மோட்டார் முனையில் மின்னழுத்தம் எகிறி, சுருளின் இன்சுலேஷனைத் தின்றுவிடும். எங்களுக்குக் கிடைத்த அறை தள்ளித்தான் இருந்தது, அதனால் டிரைவின் வெளியீட்டில் அந்த எகிறலைத் தணிக்கும் ஒரு ரியாக்டர் சுருள் சேர்த்துத்தான் ஓட்டுகிறோம்.