பெல்ட் மாற்றிய பிறகு என் டேப் ரெக்கார்டர்: வேகம் சரி, பாட்டு சரியில்லை

பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பள்ளி நாட்களிலிருந்து என்னிடம் ஒன்று இருக்கிறது. சமீபத்தில்தான் பழுதுபார்த்து வாங்கிவந்தேன். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒலித்தரம் பற்றி எல்லோருக்கும் தெரியும். உஸ்ஸென்ற இரைச்சல் உண்டு. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் ஒலி தெளியும். மோட்டாரின் சுழற்சியை நாடாவை ஓட்டும் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் வருடக்கணக்கில் கிடந்தால் இளகித் தார்போல் ஒட்டிக்கொள்ளும். என்னுடையதும் அப்படித்தான் நின்றுபோனது.

புது பெல்ட் போட்டதும் முதலில் கேட்டது, ஒரு காலத்தில் நாள் தவறாமல் கேட்ட பாட்டு. பல்லவி தொடங்கியதுமே மனம் விட்டுப்போயிற்று. பாடகியின் குரல் கனத்திருந்தது. இடையிசையில் துள்ளி ஏற வேண்டிய புல்லாங்குழல் நிதானமாக ஏறியது. போன் செயலியில் கேட்கும்போதெல்லாம் தோன்றிய அதே சோர்வு. இப்படி நேர்ந்தால், மறுபதிப்பில் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். இரண்டும் காரணமல்ல.

பழுதுபார்த்தவரிடம் கோபமாகத்தான் போனேன். அவர் 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். வேகம் சரியென்றால் அதிர்வெண் மானியும் அதே எண்ணைக் காட்டும்; மானியில் எண் 3,150ஐ ஒட்டியே நின்றது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும்; அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. "முன்பு வேகம் கூடுதலாக இருந்தது, மோட்டாரின் பின்பக்கத் திருகைச் சரிசெய்துவிட்டேன்" என்றார். வேலை தெரிந்தவர். நான் சொல்லாமலேயே ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கவில்லை. பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

பெல்ட் போவதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பாட்டைப் போனில் பதிந்துவைத்திருந்தேன். செயலியில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டு, அந்தப் பதிவில் ஒன்பது நொடி முன்னதாகவே முடிகிறது. அதாவது 3 சதவீதம் வேகம் அதிகம். சாதாரணக் கருவிகளில் இந்த அளவு கூடுவதும் குறைவதும் வழக்கம்தான். ஆனால் நாடாவின் வேகம் கூடினால் தாளம் மட்டும் விரைவதில்லை, சுருதியும் சேர்ந்து ஏறுகிறது. ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். என் பாட்டு அதில் பாதித் தூரத்தில், எந்தக் கட்டையிலும் சேராமல் நின்றிருக்கிறது. அந்தப் பாடகி ஒருநாளும் பாடாத சுருதி அது. கூடவே பாடிப் பாடி என் தொண்டை பழகியதும் அந்தச் சுருதிக்குத்தான்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினேன். மோட்டாரின் முதுகில் சிறு துளை, உள்ளே திருகு. போன் பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டு, சிறிய திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். குரல் இளகி மேலேறியது. சரணத்தின் கடைசி அடியில் மேல்சட்ஜத்தைத் தொட்டு வழுக்கி இறங்கும் இடம் வந்தபோது, என்னையறியாமல் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன்.

செயலியில் எந்த வேகத்திலும் கிடைக்காத ஒன்றும் இந்தக் கேசட்டில் இருக்கிறது. சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கும் நாடாவில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் படிந்துவிடும். அதனால் பாட்டு தொடங்க ஓரிரு நொடி இருக்கும்போதே, அதன் முதல் ஒலி மிக மெல்லியதாக ஒருமுறை கேட்டுவிடும். நாடா மெல்லியது என்பதால் 60 நிமிடக் கேசட்டைவிட 90 நிமிடக் கேசட்டில் இது அதிகம். தொழில்நுட்பக் கணக்கில் குறைபாடு. எனக்கோ பாட்டே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். அந்தக் கருவியின் வேகம் வேறு யாரோ கேட்டுப் பழகியது. உங்கள் பாட்டு அதில் இல்லை. பழைய பாட்டு இப்போது சப்பென்று இருந்தால், ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும்படி 2, 3 சதவீதம் கூட்டியும் குறைத்தும் கேட்டுப் பாருங்கள். வேகத்தை மட்டும் மாற்றிச் சுருதியை அப்படியே வைத்திருக்கும் வசதி இதற்கு உதவாது.

சொந்தக் கருவி பரணில் கிடக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பெல்ட் மாற்றக் கொடுக்கும்போது, மோட்டார் திருகைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அது நிற்கும் நிலையை மையால் குறித்துவைத்துவிட்டுக் கொடுங்கள்.