ஒரு நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு: என் 16 மாத ஓட்ட அனுபவம்

இதற்கு முன் மூன்று முறை ஓட ஆரம்பித்து, மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் விட்டிருக்கிறேன். மூன்று முறையும் நடந்தது ஒன்றுதான். ஷூவை மாட்டி வெளியே இறங்கியதும் வேகம் பிடிப்பேன். 300, 400 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டும், விலாப்பக்கம் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும். எனக்குத் தம் இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். நான்காவது முறை ஆரம்பித்து இப்போது 16 மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நிற்காமல் ஒரு மணி ஐந்து நிமிடம் ஓடினேன். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) என்ற 9 வாரத் திட்டம். 1996இல் ஜாஷ் கிளார்க் என்பவர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவையும் ஓட வைக்க வேண்டும் என்று உருவாக்கியது. வாரத்துக்கு மூன்று நாள்தான். முதல் வாரம் 5 நிமிடம் வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறி. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் கூடி நடை குறையும். ஒன்பதாம் வாரம் 30 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும்.

திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எனக்கு 9 வாரம் போதவில்லை, 12 வாரம் ஆனது. மூன்றாம் வாரத்தை இரண்டு முறை செய்தேன், ஐந்தாம் வாரத்தை மூன்று முறை. ஒரு வாரத்தைத் திரும்பச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. அட்டவணையை விரட்டிப் பிடிக்கப் போனால்தான் வம்பு.

ஐந்தாம் வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் 5 நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் 8 நிமிடமாக இரண்டு. மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம், நடுவில் நடையே கிடையாது. முதல் தடவை 11ஆம் நிமிடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த வாரம் 14. மூன்றாம் தடவை, ஓடிக்கொண்டே பதிமூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ஐபதிமூன்று அறுபத்தைந்து" வரை ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். அப்படிக் குறைத்துக் குறைத்து, வேகமாக நடப்பவர் என்னைத் தாண்டிப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. கூச்சமாக இருந்தாலும் விடவில்லை. 20 நிமிடம் முடிந்து கடிகாரம் அதிர்ந்தபோது இன்னும் இரண்டு நிமிடம் ஓடலாம் போலிருந்தது. எனக்குத் தம் இல்லாமல் இல்லை, வேகம்தான் என் தகுதிக்கு மீறி இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மெதுவாக ஓடும்போது உடம்பு பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே சக்தியை எடுக்கிறது. தொடர்ந்து செய்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும், தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், செல்லுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகமாகும். ஆரம்பித்தபோது காலையில் படுக்கையிலேயே பார்த்த நாடித் துடிப்பு 78. நான்கு மாதத்தில் 66. இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது.

ஆனால் மூச்சு பழகுகிற வேகத்தில் கால் பழகுவதில்லை. இதை எனக்கு யாராவது முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்கலாம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தெம்பாகிவிடும். எலும்பும் தசைநாரும் கெட்டிப்பட மாதக் கணக்கில் ஆகும். ஏழாம் மாதம் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று வாரத்துக்கு 15 கிலோமீட்டரை ஒரேயடியாக 24 ஆக்கினேன். பத்தாவது நாள் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுக வலி. விரலால் அழுத்தினால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, வலி இப்படிப் பரவலாக இருப்பதால் பயமில்லை, ஒரே புள்ளியில் குத்தினால்தான் எலும்பில் கீறலா என்று சந்தேகப்பட வேண்டும் என்றார். மூன்று வாரம் ஓய்வு. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் கூட்டுவதில்லை. ஒவ்வொரு நான்காவது வாரமும் வேண்டுமென்றே குறைத்து ஓடுகிறேன்.

அந்த ஓய்வு நாட்களில் ஆரம்பித்த கெண்டைக்கால் பயிற்சி இன்றுவரை தொடர்கிறது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்குவது, ஒரு காலுக்கு 15 தடவை, மூன்று சுற்று. காலடியை நீட்டி வைக்காமல் கிட்டக் கிட்ட வைக்கவும் பழகினேன். எலும்பு வலி திரும்ப வரவில்லை.

எனக்குப் பயன்படாதவையும் உண்டு. மூக்கால் மட்டும் மூச்சு விடப் பார்த்தேன், முடியவில்லை. வாயும் மூக்கும் சேர்ந்தே இயங்கட்டும் என்று விட்டதும் சரியானது. கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களையும் இப்போது பார்ப்பதில்லை. அந்த மண்டலங்களுக்கு அடிப்படையான அதிகபட்சத் துடிப்பை, 220இலிருந்து வயதைக் கழித்துச் சொல்லும் கணக்கு பொதுச் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக முன்பின் இருக்கும். வாய்ப்பாடே எனக்குப் போதும். வெயில் நாளில் அது இன்னும் உதவுகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போவதால் அதே வேகம் அன்றைக்குக் கனமாக இருக்கும். வழக்கமான நேரத்தை எட்ட வேண்டும் என்று அன்றைக்கு முறுக்கிக்கொள்வதில்லை.

ஷூ 650 கிலோமீட்டரில் மாற்றினேன். அடிப்பகுதி ஒரு பக்கம் தேய்ந்து, முழங்காலில் லேசான வலி தலைகாட்டியிருந்தது.

நடுவில் காய்ச்சலால் 18 நாள் ஓடவே இல்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முதல் இரண்டு ஓட்டம் சிரமமாகத்தான் இருந்தது. நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன்.

இப்போது வாரத்துக்கு நான்கு நாள். மூன்று நாள் அரை மணியோ முக்கால் மணியோ நிதானமாக, ஒரு நாள் நீண்ட ஓட்டம். மேடு மட்டும் இன்னும் கைவரவில்லை. சமதளத்தில் சுலபமாக வரும் வாய்ப்பாடு, ஏற்றத்தில் நாற்பது அடி வைப்பதற்குள் அறுந்துவிடுகிறது. அதனால் மேட்டை வேக நடையாக ஏறி, உச்சிக்கு வந்ததும் ஓட்டத்தைத் தொடர்கிறேன். இந்த மாதம் அதே மேட்டில் முதல் இருபது அடியை மட்டும் ஓடிப் பார்க்கிறேன்.